சின்ன ஊரைத் தேர்ந்தெடுத்த ஆசிரியை

1

இந்தக் கதை எங்கள் சாப்பாட்டு மேசையில் கிடக்கும் இரண்டு தாள்களிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் என்னைப் போன்றவர்கள் வழக்கமாக ஒரு ரயில் பயணத்தையோ ஒரு கனவையோ கைகாட்டுவோம். பழைய கதைகளுக்கு நான் அப்படி நிறைய ரீல் விட்டிருக்கிறேன். இதற்கு அந்த வசதி இல்லை. அந்த இரண்டு தாள்களும் என் மனைவியின் வேலை ஒப்பந்தம். இந்த அந்நிய தேசத்துச் சின்ன ஊரில், இதே பள்ளியில், இன்னும் இரண்டு வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கச் சம்மதம் என்று வெள்ளிக்கிழமைக்குள் அவள் கையெழுத்துப் போட வேண்டும். இன்று புதன்.

அதற்குள் அவளிடம் நான் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். வாய் வரவில்லை. அதனால் கதை எழுதுகிறேன்.

(சரியான கோழை என்று இப்போதே ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். அவசரப்படாதீர்கள். அதைவிட மோசமான முடிவுக்கு வர வேண்டியிருக்கும்.)

2

முதல் தொடக்கம்:

"வெளிநாட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கக் கிளம்பிய ஆசிரியைக்கு இரண்டு இடங்கள் அமைந்தன. ஒன்று பெருநகரம், மற்றொன்று சின்ன ஊர். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து நிதானமாக யோசித்தாள். கடைசியில், அமைதியை நாடி அவள் மனம்—"

நிறுத்திவிட்டேன். அவள் மனம் எந்த அமைதியையும் நாடவில்லை. பதினான்கு வருடம் வகுப்புக்கு ஐம்பது பிள்ளைகளைக் கட்டி மேய்த்தவள் அவள். அமைதி வேண்டும் என்று அந்த வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தது வேறொரு ஆள்.

இரண்டாவது தொடக்கம்: "ஆசிரியைக்குச் சின்ன ஊர் என்றால் உயிர்."

பச்சைப் பொய். அவளுக்கு உயிர் பெருநகரம்தான். மூன்று பேருந்து மாறிப் போவாள், புத்தகக் கடையில் கால் கடுக்க நிற்பாள், தன்னை யாருக்கும் தெரியாத தெருவில் கைவீசி நடப்பாள். அப்படி நடக்கும்போது அவளுக்குப் பத்து வயது குறைந்துவிடும். [இந்த வரி கொஞ்சம் அசட்டுத்தனமாக இருக்கிறது. ஆனால் உண்மை. இருக்கட்டும்.]

மூன்றாவது தொடக்கம் கட்டுரை மாதிரி வந்துவிட்டது. இதுபோல வேலைக்குப் போகிறவர்களுக்கு யோசனை சொல்ல ஊர்ப்பட்ட பேர் இருக்கிறார்கள். எல்லாரும் ஒரே பல்லவிதான். நகரத்தில் வாடகை அதிகம், பேச்சுத்துணையும் அதிகம். சின்ன ஊரில் செலவு கம்மி, மரியாதை அதிகம், உள்ளூர் பாஷை சீக்கிரம் வரும். அவளுடைய அண்ணன்கூட போன் போட்டு, "சின்ன ஊருக்கே போங்க மாப்ள, அங்கதான் டீச்சர்னா எந்திரிச்சு நிப்பாங்க" என்றார். கூடவே போகிற புருஷனுக்கு எது தோது என்று மட்டும் எந்தப் பட்டியலிலும் இல்லை. எங்கள் வீட்டில் அதை வைத்துத்தான் முடிவானது.

3

கதையில் ஆள் வந்தாகிவிட்டது, அவள் வேலையைக் காட்டாமல் வளவளத்துக்கொண்டிருக்கிறேன்.

காலை ஏழு நாற்பதுக்கு அவள் பள்ளி வாசலில் நிற்க வேண்டும். தலையில் துணியால் தைத்த இரண்டு முயல் காதுகள். ஒவ்வொரு காராக வந்து நிற்கும். பிள்ளை இறங்கும். அவள் குனிந்து கையாட்டி ஆங்கிலத்தில் வணக்கம் சொல்ல வேண்டும், பெற்றோர் பார்க்கும்படியாக. வெளிநாட்டு ஆசிரியை கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் விதி. பள்ளி வேனின் பக்கவாட்டிலும் அவள் படம்தான், காதுகளோடு. மழை பெய்தால் குடையை ஒரு ஆயா பிடித்துக்கொள்வார். கையாட்டுவது நிற்கக் கூடாது.

பிறகு வகுப்பு. நிறங்கள், பழங்கள், இருபது வரை எண்கள், எல்லாம் கையசைத்துப் பாட்டாக. இருபத்தொன்றைச் சொல்லிக்கொடுக்க ஒருமுறை முயன்றாள். அது அடுத்த வருடப் புத்தகத்தில் வருகிறது என்று தலைமையாசிரியை தடுத்துவிட்டார். எங்கள் ஊரில் மற்ற ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்தவள் இவள். எழுத்துக் கூட்டவே தெரியாத பிள்ளைகளை எட்டு மாதத்தில் கதைப் புத்தகம் படிக்க வைத்தவள். இங்கே பிள்ளைகளுக்கு அவள் முயல் டீச்சர்.

மரியாதை விஷயத்தில் மச்சான் சொன்னது சரிதான். கடைத்தெருவில் எல்லாரும் நின்று தலை வணங்குகிறார்கள். வணங்கியதோடு சரி. நின்று பேச யாருமில்லை. ஆனால் அவள் மருந்துக் கடையில் வயிற்று வலி மாத்திரை வாங்கினால், மறுநாள் காலை தலைமையாசிரியை வயிறு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறார்.

லாண்டரி கடைக்கு மேல் இரண்டு அறை எங்கள் வீடு. சாயங்காலம் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள்.

"வாய் வலிக்குதுங்க."

"கத்துனியா?"

"சிரிச்சேன்."*

* இந்த உரையாடலை நான் ஜோடிக்கவில்லை. முதல் வருடம் நடந்தது. இப்போதெல்லாம் அவள் சொல்வதில்லை.

4

இனி ஒளிக்க ஒன்றுமில்லை. [ஒளிக்க நிறைய இருக்கிறது. ஆனால் பக்கம் நகர மாட்டேன் என்கிறது.]

மூன்று வருடத்துக்கு முன்பு, நாங்கள் ஊரில் இருந்தபோது. இந்தத் தேசத்துப் பெருநகரத்தில் ஒரு பயிற்சி நிறுவனம். வேலை பார்க்கும் பெரியவர்களுக்கு ஆங்கிலம், கூடவே புதிய ஆசிரியர்களுக்குப் பயிற்சி. அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை. மாதிரி வகுப்பு ஒன்றைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார்கள். பீரோ மேல் போர்வையைப் போட்டு மறைத்துவிட்டு, எங்கள் படுக்கையறையில் நின்று இருபது நிமிடம் நடத்தினாள். நான்தான் போனைப் பிடித்தேன், நான்தான் மாணவன். கேள்வி கேட்டுவிட்டு நான் பதில் சொல்லும்வரை அவள் காத்திருந்தாள். ஒரு கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அவமானப்படுத்தாமல், வேறு பக்கமாகச் சுற்றிக் கூட்டிக்கொண்டுபோய் என்னையே சொல்ல வைத்தாள். இத்தனை வருடத்தில் அவள் பாடம் நடத்தி அன்றுதான் பார்த்தேன். அசந்துபோனேன். பயமாகவும் இருந்தது.

சின்ன ஊர்ப் பள்ளி எதையும் அனுப்பச் சொல்லவில்லை. ஒரு போட்டோ போதும் என்றார்கள்.

இரண்டு விண்ணப்பத்திலும் தொடர்பு எண் என்று கேட்டிருந்த இடத்தில் என் எண். எங்கள் வீட்டில் கேஸ் இணைப்பிலிருந்து அவளுடைய பல் டாக்டர் வரைக்கும் எந்தப் படிவமாக இருந்தாலும் என் எண்தான். அவள்தான் படிவத்தை நிரப்பினாள், அவள் கைதான் என் எண்ணை எழுதியது. இருவருக்கும் அது உறைக்கவே இல்லை. எங்கள் ஆட்களில் யாருக்கு உறைக்கும்?

நகரத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். முற்பகல் பதினொரு மணி, என் மனைவி வகுப்பில் இருந்தாள். மாதிரி வகுப்பை மூன்று பேர் பார்த்ததாகவும், அவளை எடுத்துக்கொள்ள முடிவு செய்துவிட்டதாகவும், இரண்டு நாளில் பதில் சொன்னால் போதும் என்றும் அந்தப் பெண் சொன்னார்.

அவள் வேறு வேலையை ஒப்புக்கொண்டுவிட்டாள் என்றேன்.

வருத்தம்தான், எங்கள் வாழ்த்துகளைச் சொல்லிவிடுங்கள் என்றார். சொல்கிறேன் என்றேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

5

இந்த இடத்தில் கணவன் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. இவ்வளவு துணிந்து ஒருத்தன் செய்வானா? வாசகர் நம்ப வேண்டாமா? கொஞ்சம் பூசி மெழுகிப் பார்த்தேன்.

போனில் சரியாகக் கேட்கவில்லை என்று ஒரு வடிவம். (கேட்டது.) ஆங்கிலம் தடுமாறி வேறு ஏதோ சொல்லிவிட்டான் என்று ஒரு வடிவம். (வாழ்க்கையில் நான் இலக்கணப் பிழையில்லாமல் பேசிய ஆங்கிலம் அது ஒன்றுதான்.) மனைவியின் நன்மைக்காக, நகரத்து அலைச்சலிலிருந்து அவளைக் காப்பாற்ற, என்று ஒரு வடிவம். இதைப் படித்து நானே கண் கலங்கினேன். பிறகு கிழித்துப் போட்டேன்.

காரணம் சின்னது. அந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அங்கே வேலை செய்பவர்களின் படம் இருந்தது. கையில் காபிக் கோப்பையோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் அவளைப் பொருத்திப் பார்த்தேன், பொருந்தினாள். என்னைப் பொருத்திப் பார்த்தேன். எனக்குப் பொறாமை. வேறு ஒன்றுமில்லை. சின்ன ஊரில் என்றால் எழுத்தாளனாக இருப்பேன், அமைதியில் பெரிய நாவல் வரும் என்று கணக்குப் போட்டேன். இங்கே நான் டீச்சர் வீட்டுக்காரர். மூன்று வருடத்தில் ஒரு அத்தியாயம்கூட உருப்படவில்லை. உருப்பட்டிருந்தால் மட்டும் செய்தது சரியாகிவிடுமா என்று கேட்காதீர்கள். சில நாள் சரியாகிவிடும் என்றே நினைத்திருக்கிறேன்.

அப்போது பதினைந்து நாள், வீட்டுக்குள் நுழையும்போதே கேட்பாள்.

"கூப்டாங்களா?"

"இல்லம்மா."

பதினாறாம் நாள் கேட்கவில்லை. ஒரு கடிதம் போட்டுப் பார்க்கலாமே என்று, நாக்கில் நரம்பில்லாமல், நானே சொன்னேன்.

"வேணாம்னு நெனைக்கிறவங்ககிட்ட போய் ஏன் வேணாங்கறீங்கன்னு கேக்கறது அசிங்கம்ங்க" என்றாள். அப்புறம் அடுப்பைத் துடைத்துக்கொண்டே, "நம்ம லெவல் அவ்வளவுதான் போல" என்றாள்.

நான் இல்லை என்று சொல்லவில்லை.

6

கையில் மூன்று முடிவுகள் வைத்திருக்கிறேன்.

ஒன்று: கணவன் சொல்லிவிடுகிறான். அவள் அழுகிறாள், மன்னிக்கிறாள், இருவரும் நகரத்துக்கு ரயில் ஏறுகிறார்கள். இதை எழுத ஆறு நிமிடம் ஆனது. எழுதி முடித்ததும் என்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

இரண்டு: கணவன் சொல்லவில்லை. அவள் கையெழுத்துப் போடுகிறாள். ஐந்து வருடம் காது வைத்துக் கையாட்டியவளை அதன்பிறகு எந்த நகரத்து நிறுவனமும் சீந்தாது. கணவன் இதைப் பற்றி ஒரு நல்ல கதை எழுதுகிறான். பாராட்டுகிறார்கள்.

மூன்று: அவளுக்கு இதெல்லாம் முன்பே தெரியும், தெரிந்தேதான்— இல்லை. இது அவள் தலையில் பழியைக் கட்டுகிற வேலை. வேண்டாம்.

7

வியாழன் சாயங்காலம். அவள் மறுநாளைக்கான சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஒப்பந்தத் தாள்கள் மேசையில் அப்படியே இருந்தன. பக்கத்தில் என் நோட்டு.

"ரெண்டு நாளா என்னவோ எழுதுறீங்களே. வருதா?"

"ஒரு டீச்சரோட கதை."

"பாவம். என்ன ஆகுது அவளுக்கு?"

சொன்னேன். யாரோ ஒரு டீச்சர், யாரோ ஒரு புருஷன் என்றுதான் சொன்னேன். நகரத்திலிருந்து போன் வந்தது, அவன் மறைத்துவிட்டான், அவளுக்கு இன்னும் தெரியாது. என் குரல் எனக்கே செய்தி வாசிப்பதுபோலக் கேட்டது. அவள் காலரை முடித்துவிட்டுக் கைப்பகுதிக்கு வந்தாள்.

"எத்தன வருஷமா மறைக்கிறான்?"

"மூணு."

இஸ்திரிப் பெட்டி நின்றது. சட்டை கருகுமோ என்று நான் பார்த்தேன். அவள் அதைத் தூக்கி நிமிர்த்தி வைத்தாள்.

"முடிவு என்ன?"

"அதான் கெடைக்கல. அவன் அவகிட்ட சொல்லிடுறான்னு வைக்கலாமான்னு..."

"சொல்ல மாட்டான். சொல்றவனா இருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பான். கதை வேணா எழுதுவான்."

பிளக்கைப் பிடுங்கினாள். ஒயரைச் சுற்றினாள். அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் அந்த ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கத்தியிருக்கலாம், அந்த இஸ்திரிப் பெட்டியை என் மேல் விட்டெறிந்திருக்கலாம். அதற்கெல்லாம் தயாராக இருந்தேன்.

"போன்ல என்ன சொன்னாங்க?" என்றாள்.

"யாரு?"

"கதையிலதாங்க. இன்டர்வியூவுக்கு வரச் சொன்னாங்களா, இல்ல எடுத்துக்கிட்டோம்னே சொன்னாங்களா?"

"எடுத்துக்கிட்டோம்னுதான்."

"மாதிரி வகுப்பப் பாத்துட்டு?"

கதையில் மாதிரி வகுப்பு என்று ஒன்று வருவதாக நான் சொல்லவே இல்லை.

"ஆமா. மூணு பேரு பாத்தாங்களாம்."

அவள் நாற்காலியை இழுத்து மெதுவாக உட்கார்ந்தாள். பிறகு, என்னிடம் அல்ல, சொன்னாள்:

"அப்ப அவ நல்லாத்தான் பண்ணியிருக்கா."

8

வெள்ளிக்கிழமை காலை. அவள் வழக்கமான நேரத்துக்குக் கிளம்பிப் போய்விட்டாள். மேசையில் ஒப்பந்தத் தாள்கள் இல்லை. கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனாளா, போடாமலா, பள்ளிக்குத்தான் போனாளா, தெரியாது. அவள் கிளம்பும் முன் கைப்பையைத் திறந்து பார்க்க நேரம் இருந்தது. பார்க்கவில்லை. என் யோக்கியதைக்கு அதுவே பெரிது.

முடிவு எங்கே என்று கேட்பீர்கள். என்னிடம் இல்லை. அவள் என்ன செய்திருப்பாள் என்று உங்களுக்கு ஒன்று தோன்றும். தயவுசெய்து அதை யாரிடமும் சொல்லாதீர்கள். அவளுக்குப் பதிலாக நான் ஒருவன் பதில் சொன்னது போதும்.