தப்பாகச் சுருண்ட குடல்

கருத்தரங்குக்கு அச்சடித்த ஆராய்ச்சிப் போஸ்டரின் அடியில், நன்றி என்ற தலைப்பின் கீழ், தவளைத் தொட்டி கழுவுகிறவருக்கு அடுத்தபடியாகத் தன் பெயரைப் பார்த்தாள் லிசி. மேலே கொட்டை எழுத்தில் இரண்டே பேர்: பேராசிரியர் சகாயநாதன், அவருடைய தம்பி மகன் ஆசீர். போன ஜூனில் லேபுக்கு வந்த ஆசீருக்குத் தவளையில் ஆண் எது, பெண் எது என்று இன்னும் சரியாகத் தெரியாது. லிசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஐந்து வருஷ உழைப்பு. தவளைக் கருவில் சிறுநீரகம் உருவாக எந்த ஜீன் காரணம் என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. முட்டை எட்டுச் செல்லாகப் பிரியும் நேரம் பார்த்து, முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால் ஒரு பக்கத்துச் செல்லில் மட்டும் மருந்து விட வேண்டும். அது ஒரு ஜீனை அடக்கிவிடும். மறுபக்கத்தைத் தொடக்கூடாது. நாலு நாளில் தலைப்பிரட்டை ஆனதும் இரண்டு பக்கத்துச் சிறுநீரகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இப்படி நாற்பது ஜீன்களை அடக்கிப் பார்த்தாள். முப்பத்தொன்பதில் ஒன்றும் ஆகவில்லை. பதினேழாவதில் மட்டும், மருந்து போன பக்கம் சிறுநீரகமே இல்லை.

அதுதான் அவளுடைய தீசிஸ். அதைப் பிடுங்கிக்கொண்டால் டாக்டர் பட்டம் இல்லை, வேலை இல்லை. எடமலைப்பட்டி புதூரில் மகளை டாக்டர் என்று இப்போதே சொல்லித் திரிகிற அப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பது?

நேரே பேராசிரியரின் அறைக்குள் போய்க் கேட்டாள்.

"ஆசீருக்கு இப்ப ஒரு பேப்பர் அவசரம்மா. மிச்சம் முப்பத்தொம்பது இருக்குல்ல, அதுல ஒண்ண வச்சு எழுதிக்க," என்றார் சகாயநாதன், போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

ஒன்றுமே ஆகாத ஜீனை வைத்து எதை எழுதுவது? நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பாள். அதற்குள் அவர் போனில் யாரையோ கூப்பிட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார். வெளியே வந்து போஸ்டரை மறுபடி முறைத்தபோதுதான் அந்தப் படம் கண்ணில் பட்டது.

தலைப்பிரட்டையின் குடல் ஒரே திசையில்தான் சுருளும். படத்தில் எதிர்த் திசையில் சுருண்டிருந்தது. கண்ணாடியில் தெரிவதுபோலப் படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். ஏன் என்று புரிய அரை நிமிஷம்கூட ஆகவில்லை. லேபில் மற்ற எல்லாரும் வலதுகைக்காரர்கள், ஊசி விடுவது கருவின் இடது பக்கம். லிசிக்குப் பீச்சாங்கைப் பழக்கம், அவள் விட்டதெல்லாம் வலது பக்கம். ஐந்து வருஷமாகச் சகாயநாதன் அந்தக் கையைக் கிண்டல் செய்தாரே தவிர, அது எந்தப் பக்கம் ஊசி விடுகிறது என்று அந்த மனுஷன் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. வலது பக்கம் சிறுநீரகம் இல்லாததைப் பார்த்ததும், போட்டோதான் இடவலம் மாறிவிட்டது என்று தானாக முடிவு கட்டித் திருப்பியிருக்கிறார்.

சொன்னால் சரிசெய்துகொண்டு இன்னும் ஜம்மென்று மேடை ஏறுவார். சொல்ல மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள் கருத்தரங்கு ஸ்ரீரங்கத்தில். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, கூட்டத்தில் நசுங்கிப் போய்ச் சேர்ந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். சகாயநாதன் அதே போஸ்டரைத் திரையில் போட்டு, பதினேழாவது ஜீனைத் தானே பெற்று வளர்த்ததுபோலப் பேசினார். கை தட்டினார்கள். பெங்களூரிலிருந்து வந்திருந்த நசீரா என்ற விஞ்ஞானி மட்டும் கை தட்டாமல், குடல் ஏன் எதிர்ப்பக்கமாகச் சுருண்டிருக்கிறது என்று கேட்டார்.

சகாயநாதன் திரையைத் திரும்பிப் பார்த்தார். முகம் வெளிறியது. முன்வரிசையில் ஆசீர் குனிந்து ஷூ லேஸ் கட்ட ஆரம்பித்தான்.

"லேப்ல லிசின்னு ஒரு பொண்ணு இருக்கு மேடம். ஊசி போட்டது, படம் எடுத்தது எல்லாம் அதுதான். அது பண்ண தப்பு," என்றார் சகாயநாதன்.

பெயர் அவருக்காம், பழி மட்டும் இவள் தலையிலாம். ஆனால் அடுத்த கணமே, அவர் தன் வாயாலேயே என்ன சொல்லிவிட்டார் என்பது உறைத்தது. எழுந்தாள்.

"நான்தாங்க லிசி. சார் சொல்றது நிஜம். ஊசி போட்டது நான், படம் எடுத்தது நான். நாப்பது ஜீனையும் பார்த்தது நான். படத்தைத் திருப்பினது மட்டும் நான் இல்லைங்க."

நசீரா திரையில் இருந்த இரண்டு பெயர்களையும் நிதானமாகப் படித்தார். பிறகு சகாயநாதன் பக்கம் திரும்பினார்.

"அப்ப நீங்க ரெண்டு பேரும் என்னதான் சார் பண்ணீங்க?"