பல் கத்தரி

அக்காவின் வாசலிலிருந்து துவைக்கும் முற்றத்துக்கு நூற்றுப்பத்துக் காலடி. குடியிருப்பை வடிவமைத்தவன் என்பதால் தம்பிக்கு அந்தக் கணக்கு மனப்பாடம். வழி முழுக்க மேடு என்பதும், அக்காவின் முழங்கால் தேய்ந்துவிட்டது என்பதும் கூட அவனுக்குத் தெரியும்.

நாற்பது வீடுகள். வண்டி நுழையாத தெருக்கள், கூரைத் தண்ணீரைச் சேர்க்கும் தொட்டி, எல்லோருக்கும் பொதுவாக ஒரு துவைக்கும் முற்றம். முற்றம் எந்த மூலையில் வேண்டும் என்பதைக் குடிவருகிறவர்களே சொல்லட்டும் என்று மூன்று வருடங்களுக்கு முன் கூட்டம் போட்டவனும் அவன்தான். வீட்டுக்கு ஒரு பொட்டு. வரைபடத்தில் பிடித்த இடத்தில் ஒட்டவேண்டும். தையல்காரியான அக்கா சிவப்புத் துணியில் நாற்பது வெட்டித் தந்தாள். ஓரம் பிரியாமலிருக்கப் பல் கத்தரியால் வெட்டியிருந்தாள். ஒவ்வொன்றின் விளிம்பும் குட்டிப் பற்களாக இருந்தது.

அக்கா வீட்டுப் பக்கமான மேற்குக்கு இருபத்தொன்று விழுந்தது. கிழக்குக்குப் பத்தொன்பது.

எல்லோரும் டீ குடிக்கப் போன நேரம், அவன் வரைபடத்தின் முன்னால் தனியாக நின்றான். கிழக்குதான் மேடு. அங்கே துவைத்தால் தண்ணீர் தானாக இறங்கி மரங்களுக்குப் பாயும். மேற்கில் வைத்தால் ஆயுசுக்கும் மோட்டார் போட்டு ஏற்றவேண்டும். தொண்டை வறளச் சொல்லியும் கேட்கவில்லையே. மேற்கிலிருந்து இரண்டு பொட்டை உரித்தான். பசை விடாமல் இரண்டும் கிழிந்து வந்தன. அக்கா பொட்டுகளோடு வைத்திருந்த மிச்சத் துணியில், மேசையிலிருந்த சாதாரணக் கத்தரியால் புதிதாக இரண்டு வெட்டிக் கிழக்கில் ஒட்டினான். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

மரங்கள் தழைத்தன. பார்க்க வருகிறவர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். அந்த வரைபடம் பொட்டுகளோடு கண்ணாடிச் சட்டத்துக்குள் பொது அறையில் தொங்கியது. ‘எல்லாம் இவங்க முடிவுதான்’ என்று வருகிறவர்களிடம் சொல்லும்போது அவன் அதைப் பார்ப்பதில்லை.

அக்கா ஒருநாளும் குறைப்பட்டதில்லை. வீட்டிலேயே வாஷிங் மிஷின் வைத்துத் தருகிறேன் என்று அவன் சொன்னபோதும், நாலு பேர் கூடி எடுத்த முடிவு, எனக்கு மட்டும் தனிச் சட்டமா என்று மறுத்துவிட்டாள்.

பக்கத்து நிலத்தில் இன்னும் முப்பது வீடுகள் வரப்போகின்றன. அன்று மாலை அதற்கான கூட்டம், பழைய குடிகளும் வருவார்கள். புதுப் பொட்டுகளை வாங்கப் போனபோது, அக்கா ஈரத்துணி வாளியோடு இறங்கி வந்துகொண்டிருந்தாள். வாளியை வாங்கக் கை நீட்டினான். அவள் தரவில்லை.

உள்ளே போய்க் காலை நீட்டி உட்கார்ந்தாள். பொட்டுப் பொட்டலத்தை அவன் கையில் வைத்தாள்.

“இந்தத் தடவ மிச்சத் துணி வைக்கல” என்றாள். “வேண்டியிருக்காதுல்ல?”

வாளியிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது.

“எப்போலேருந்து தெரியும்?” என்றான்.

“கண்ணாடி போட்டு மாட்டுன அன்னிக்கே. முப்பத்தெட்டுக்குப் பல்லு இருக்கு. ரெண்டு பொக்கவாய்.”

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஏங்க்கா கேக்கல?”

“நீயே சொல்லுவேன்னு இருந்தேன்டா.” முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். “மரம் நல்லாத்தான் வந்திருக்கு. அத நான் இல்லேன்னு சொல்லல.”

திட்டியிருக்கலாம். இரண்டு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டு வந்திருப்பான்.

மாலையில் அவன் சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றிப் புது வரைபடத்தின் பக்கத்தில் சாய்த்து வைத்தான். முன்வரிசையிலிருந்த, அங்கேயே குடியிருக்கும் குழாய்க்காரர், “என்ன சார், பழைய படத்தையே திரும்ப ஓட்டப் போறீங்களா?” என்றார். அறை சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை அவன் காத்திருந்தான். பிறகு கண்ணாடிமேல் விரலை வைத்தான்.

“இந்த ரெண்டும் உங்கள்ல யாரும் ஒட்டுனது இல்ல. உங்களோட ரெண்ட உரிச்சுட்டு நான் ஒட்டுனது.”

ஏதோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

“அப்போ ஜெயிச்சது?” என்று குழாய்க்காரர் மெதுவாகக் கேட்டார்.

“மேற்கு.”

தலைகள் ஒவ்வொன்றாகக் கடைசி வரிசைக்குத் திரும்பின. அங்கே அக்கா ஜன்னலுக்கு வெளியே மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழாய்க்காரர் எழுந்து வந்து அவன் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்.

“நீங்க உக்காருங்க சார். எண்ணுறத நாங்க பாத்துக்கறோம்.”

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று பட்டது. அவன் கடைசி வரிசைக்குப் போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் நீட்டியிருந்த காலை மடக்கி அவனுக்கு இடம் விட்டாள். மடக்கும்போது அவளுக்கு வலித்தது, அவனுக்குத் தெரிந்தது.