ஆனிக் காற்றும் ஒரு வெள்ளைத் துண்டும்

சிம்மக்கல்லில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஹரிராமுக்கு மீன்பிடிக்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. காற்றடிக்கும் நாளில் எப்படித் தூண்டில் வீச வேண்டும் என்று மூச்சுவிடாமல் ஒரு மணி நேரம் பேசுவார். யாரோ ஓர் அமெரிக்காக்காரனின் வீடியோக்களைக் கரைத்துக் குடித்தவர். வீட்டில் நான்கு தூண்டில் கம்பு, காற்றின் வேகத்தை அளக்க ஒரு கருவி, விரால் மீனை ஏய்க்க முப்பத்திரண்டு ரப்பர் தவளை. மூன்று வருஷத்தில் மீன்தான் ஒன்றும் அகப்படவில்லை.

போன வருஷம் ஒரு கட்லாவோடு வீட்டுக்குப் போனார். வைகையில் பிடித்தேன் என்றார். மனைவி சூடாமணி செவுளை விரித்துப் பார்த்தாள். உள்ளே ஐஸ் கட்டி இருந்தது. அன்றிலிருந்து சொந்தக்காரர்களின் கல்யாணப் பந்தியில் ஐஸ்கிரீம் வந்தால்கூட, நாலு பேர் இவரைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுகிறார்கள். அந்த மானக்கேடு அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

அவர்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்ட்ரம். ஆனால் முடிவான பேச்சைச் சூடாமணி தமிழில்தான் பேசுவாள். அன்று காலையும் தமிழில்தான் பேசினாள்.

“இன்னிக்கும் ஒழுங்கா ஒரு மீன் பிடிக்கலைன்னா, நாலு கம்பையும் நான் வீட்டு வேலைக்கு எடுத்துக்குவேன். சொல்லிட்டேன்.”

விளாங்குடியைத் தாண்டிப் பத்து கிலோமீட்டரில் இருந்த ஒரு கண்மாய்க்கு வண்டியை விட்டார். ஆனிக் காற்று ஆளைத் தள்ளியது. எதிர்க்கரையில் ஆயிரம் பேருக்குக் குறையாமல் கூடையும் வலையுமாக நின்றிருந்தார்கள். தன் வீச்சை வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் என்று ஹரிராம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். காற்றை அளக்கும் கருவியை அவர் உயர்த்திப் பிடித்ததைப் பார்த்து, யாரோ கண்மாயை அளக்க வந்த ஆபீசர் என்று கூட்டமும் அவரை விட்டுவிட்டது.

உண்மையில் அன்று அந்த ஊரில் மீன்பிடித் திருவிழா. கண்மாய் வற்றும் காலத்தில் ஊர்த் தலைவரான அம்பலம் கரையேறி வெள்ளைத் துண்டை வீசுவார். அதுவரை ஒரு கால் தண்ணீரில் படாது. வீசிவிட்டால் ஒரு கால் கரையில் நிற்காது. வெள்ளைத் துண்டைக் கட்டுக்கட்டாக விற்கும் ஹரிராமுக்கு இது மட்டும் தெரியாது.

முதல் தவளையைக் காற்று கருவேல மரத்துக்குக் கொடுத்தது. இரண்டாவது அவருடைய சட்டைக் காலரிலேயே மாட்டியது. அப்போதுதான் பாடம் ஞாபகம் வந்தது: காற்றுக்கு எதிராக வீசாதே, அலை மோதுகிற கரையில்தான் மீன் ஒதுங்கும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, அலை மோதும் மூலையைப் பார்த்துத் தாழ வீசினார். தவளை விழுந்த இடத்தில் தண்ணீர் ‘பொளக்’கென்று வாயைத் திறந்தது. கம்பு வில்லாக வளைந்தது.

விரால்! ஹரிராமுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் காற்று அவர் தலையில் கட்டியிருந்த வெள்ளைத் துண்டை உருவியது. ஒரு கையில் கம்பு. மறு கையால் துண்டின் நுனியை எட்டிப் பிடித்தார். அது தலைக்கு மேலே படபடவென்று அடித்தது.

“ஏய், வெள்ளை வீசியாச்சு!”

ஆயிரம் பேரும் தண்ணீரில் பாய்ந்தார்கள். கண்மூடித் திறப்பதற்குள் கண்மாய் சேறாகிவிட்டது. தூண்டில் நரம்பு அறுந்தது. பாண்டீஸ்வரி என்ற பெண் கவிழ்த்த கூடைக்குள் கையை விட்டு ஒரு விராலைத் தூக்கினாள். அதன் வாயில் ரப்பர் தவளை.

“அது என் மீன்!” என்று அலறினார் ஹரிராம்.

கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு மாலையும் துண்டுமாக அப்போதுதான் கரையேறினார் அம்பலம் பேயாண்டி. நடந்ததைக் கேட்டு முகம் சுண்டிப்போனது.

“யாருய்யா நீ? பரம்பரையா எங்க வீட்டு மரியாதை இது. ஒரு காத்துக்குக் குடுத்துட்டு நிக்கிறேன்!” வீசக் கொண்டுவந்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “சரி, முறைன்னா முறை. வெள்ளை வீசுனவருக்குத்தான் மொத மீன். குடுத்து அனுப்புங்கப்பா.”

“உங்களுக்குத்தாண்ணே மொத மீன், பிடிங்க,” என்று பாண்டீஸ்வரி அந்த விராலையே நீட்டினாள். தவளையைக் கழற்ற வந்தவளை ஹரிராம் பதறித் தடுத்தார். சாட்சியல்லவா அது!

வீட்டு வாசலில் ராஜநடை போட்டார். சூடாமணி முதலில் செவுளைப் பார்த்தாள். ஐஸ் இல்லை. பிறகு வாயைப் பார்த்தாள். அங்கே ரப்பர் தவளை பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

“ஆக, இது எப்படிக் கைக்கு வந்துச்சு?”

“நான்தான் தூண்டில்ல மாட்டினேன். அப்புறம் காத்துல துண்டு பறந்துச்சு, ஆயிரம் பேர் தண்ணிக்குள்ள குதிச்சாங்க, அம்பலம்தான் மரியாதையா குடுத்து அனுப்பினாரு...”

சூடாமணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“போன வருஷம் ஐஸை எடுக்க மறந்தீங்க. இந்த வருஷம் தவளைய நீங்களே மாட்டிக் கொண்டு வந்திருக்கீங்க. பரவாயில்ல, தேறிட்டீங்க.”

மறுநாள் காலை கூடத்தில் நீளமான தூண்டில் கம்பின் நுனியில் துடைப்பத்தைக் கட்டி ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தாள். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தூசி முழுக்க அவள் முகத்திலேயே வந்து விழுந்தது.

ஹரிராம் பேப்பரை இறக்காமல் சொன்னார்: “காத்துக்கு எதிரா வீசாத.”