மாறி மாறி வாசித்த எண்கள்

செம்பூரில் உள்ள அந்த மருந்துக் கிடங்கில் ரோசம்மா அடைத்த பெட்டி, பதினோரு வருஷத்தில் ஒன்றுகூடத் தப்பென்று திரும்பி வந்ததில்லை. குடியிருந்த லேபர் கேம்பில் அவள் குடும்பத்துக்கு இருந்த மரியாதையில் பாதி அந்தப் பெயரால் வந்தது.

அதற்கு அவளிடம் ஒரு முறை இருந்தது. மருந்து அட்டையில் அச்சடித்த எண்ணை அவள் உரக்க வாசிப்பாள். எதிரே உட்கார்ந்திருக்கும் ஹாஃபிஸா பட்டியலைப் பார்த்துத் திருப்பிச் சொல்வாள். சர்ச்சில் ஞாயிறு ஆராதனையில் பைபிள் சங்கீதத்தை மாறி மாறி வாசிப்பார்களே, அதே இழுவை. ஹாஃபிஸாவுக்கும் அது தொற்றிக்கொண்டது. “ஆமென் மட்டும் எங்கிட்ட எதிர்பாக்காதீங்கக்கா” என்று சிரிப்பாள். எண் மாறினால் இழுவை இடறும். உடனே கை நின்றுவிடும்.

ஜூன் மாதம் சுப்ரமணியன் புது சூப்பர்வைசராக வந்தார். மாட்டுங்காக்காரர், அதிர்ந்து பேசாத மனிதர். மூன்றாம் நாள் தன் கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்தார்.

“இங்கே ப்ரேயரெல்லாம் வேண்டாம்மா. வீட்ல வெச்சுக்கோங்கோ. இது வேலை பாக்கற எடம்.”

முப்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ரோசம்மா சொல்லவில்லை. அன்றே அவள் மேசையைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டார்கள். ஹாஃபிஸாவை மறுகோடிக்கு அனுப்பினார்கள். வேலை நேரத்தில் யாரும் வாய் திறக்கக்கூடாது என்று உத்தரவு வேறு.

“அது ஜெபமில்ல, நம்பர் பாக்கதுன்னு சொல்லிருங்களேன்க்கா” என்றாள் ஹாஃபிஸா, சாப்பாட்டு வேளையில்.

“பதினோரு வருசமா பாத்த வேலைக்கு, நேத்து வந்தவருட்ட நான் சாட்சி சொல்லணுமாக்கும்? தெரியலன்னா அவரு கேக்கட்டும், ட்டி.”

அவர் கேட்கவில்லை.

சுவரில் மழை ஈரம் ஊறிப் படர்ந்திருந்தது. அதைப் பார்த்தபடியே வாசிப்பதும் அவளே, சரிபார்ப்பதும் அவளே. மனசுக்குள் வாசித்த எண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மூன்று எட்டாகத் தெரிந்தது. ஒரு பெட்டியை மூன்று தடவை பிரித்துப் பார்த்தாள். வேலை பாதியாகக் குறைந்தது. தன் குரலையே கேட்காமல் வீடு போய்ச் சேர்ந்த நாட்கள் உண்டு.

ஆகஸ்டில் ஒரு பெட்டி திரும்பி வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் கவனித்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உள்ளிருந்த சீட்டில் ரோசம்மாவின் கையெழுத்து.

கண்ணாடி அறையில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். சுப்ரமணியன் அந்தச் சீட்டை மடித்து மேசைமேல் வைத்தார்.

“மொதல்லயே சொல்லப்படாதோம்மா?”

“நீங்க கேக்கலியே, சார்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மேலே எழுதி அனுப்பிட்டேன். உங்களை டேப் ஒட்டற எடத்துக்கு மாத்தச் சொல்லிட்டா. இனிமே என் கையில இல்லே.”

மறுநாள் மேசைகள் மறுபடி எதிரெதிரே வந்தன. பேசக்கூடாது என்ற உத்தரவும் போயிற்று. இப்போது அட்டையை வாசிப்பது ஹாஃபிஸா; எதிரே பட்டியலோடு ஜெஸி என்ற புதுப்பெண்.

வாசலோரம் நின்று ரோசம்மா அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டினாள். உள்ளிருந்து ஹாஃபிஸாவின் குரல் அதே இழுவையில் வந்தது: “ஏழு, ஒம்பது, பி, நாலு, மூணு…” திருப்பிச் சொல்ல வேண்டிய ஜெஸி தடுமாறினாள்.

ரோசம்மாவின் உதடுகள் பதிலைச் சொல்லி முடித்தன. டேப் கிழிபடும் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. அடுத்த பெட்டியை இழுத்தாள்.