சுக்ராஜிக்குத் தெரியாத பாஷை

லவுடோகா நகரை ஒட்டிய நடபுவாவில் தையல்காரர் பொன்சாமியின் வீட்டுக்கு நர்ஸ் சபூரா முதல் தடவை போன அன்று, அவர் மனைவி சுக்ராஜி அவளைப் படியேறவே விடவில்லை. வாசலிலேயே கையைப் பிடித்து நிறுத்தி, கொய்யா மரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"சிஸ்டர், அவருக்கு ஒண்ணும் தெரியாது" என்று இந்தியில் கிசுகிசுத்தாள். "வயித்துல கட்டி, இனிமே வைத்தியம் இல்லைன்னு டாக்டர் என்கிட்டயும் மகன்கிட்டயும்தான் சொன்னார். அவர்கிட்ட வாயுன்னு சொல்லி வச்சிருக்கோம். நீயும் வாயுன்னே சொல்லணும்."

சபூரா தலையாட்டினாள். லவுடோகா சுற்றுவட்டாரத்தில், ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அனுப்பிவிட்ட நோயாளிகளை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. உடம்பு துடைப்பாள், புண் கட்டுவாள், வலி மருந்து அளந்து கொடுப்பாள். பல வீடுகளில் வாசலிலேயே இப்படி யாராவது ஒரு பொய்யைக் கையில் கொடுத்து உள்ளே அனுப்புவார்கள். அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

முன்னறையில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுப் பொன்சாமி படுத்திருந்தார். தமிழர் சங்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளில் பாதிப்பேருக்குச் சட்டை தைத்த மனிதர். இப்போது கழுத்தெலும்பு தெரிய ஒடுங்கிக் கிடந்தார். கண்ணில் மட்டும் குறும்பு வற்றவில்லை.

"யார் வூட்டுப் பொண்ணு நீ?" என்று இந்தியில் ஆரம்பித்தவர், இஸ்மாயில் மகள் என்றதும் சட்டென்று தமிழுக்குத் தாவினார். "அப்போ நம்ம பாஷை வருமே உனக்கு?"

"வூட்ல வாப்பா அதான் பேசுவாரு, மாமா."

பொன்சாமியின் முகம் விளக்கேற்றியது போல் ஆயிற்று. அவருடன் தமிழ் பேசிய சேக்காளிகள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆபீஸ் வேலையில் இருக்கும் மகன் சதேந்திராவுக்கு இந்தியும் இங்கிலீஷும்தான். சுக்ராஜியோ வடக்கத்திக் குடும்பம்.

அந்தச் சமயம் சுக்ராஜி வெந்நீர்ப் பாத்திரத்தோடு உள்ளே வந்து, துணியை நனைத்துப் பிழிய ஆரம்பித்தாள். பொன்சாமி குரலைக்கூடத் தாழ்த்தவில்லை.

"இவளப் பாத்து இன்னாத்துக்கு முழிக்கிற? ஒரு எழுத்து புரியாது. கேளு. எனக்கு வந்திருக்கிறது வாயு இல்ல. நான் பொழைக்க மாட்டேன், எனக்குத் தெரியும். இவகிட்ட மட்டும் சொல்லிப்புடாத. தாங்க மாட்டா, ஒடஞ்சிருவா. நானும் வாயு வாயுன்னே சொல்லிக்கினு இருக்கேன்."

சுக்ராஜி ஒரே துணியைத் திரும்பத் திரும்பப் பிழிந்துகொண்டிருந்தாள். "என்ன சொல்றார்?" என்று கேட்டாள்.

"வாயுத் தொந்தரவு ஜாஸ்தியா இருக்காம், மௌசி" என்றாள் சபூரா.

இப்படியாக அவள் இரண்டு பொய்களுக்கும் தபால்காரி ஆனாள்.

பொன்சாமிக்கோ பேச ஆள் கிடைத்துவிட்ட குஷி. சபூரா முதுகைத் துடைத்துப் பவுடர் போடும்போதெல்லாம் கதை சொல்வார். சுக்ராஜியை அவர் பிடிவாதம் பிடித்துக் கட்டிக்கொண்டாராம். அவர் அம்மாவுக்கு அது ஆகவில்லை. சாகும்வரை மருமகளைத் தமிழில் திட்டித் தீர்த்தாளாம். "இவ தலையில முக்காட்டப் போட்டுக்கினு சிரிச்சிக்கினே நிப்பா. ஒண்ணும் புரியல, பாவம். புரிஞ்சிருந்தா அன்னிக்கே கெளம்பி அப்பன் வூட்டுக்குப் போயிருப்பா" என்றார்.

பார்க்க வருகிறவர்களுக்கும் குறைவில்லை. ஊரில் இன்னொரு தையல் கடை வைத்திருந்த விரேந்திரா அடிக்கடி வந்து, மணிக்கணக்கில் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். ஒரு நாள் பொன்சாமி அவரைப் பார்த்துப் புன்னகை மாறாமல் தமிழில் சொன்னார்: "இவன் கால்சட்டையப் பாரு. பின்னாடி இன்னொரு ஆளு குடித்தனம் வரலாம். இதத் தச்சவனும் இவனேதான்."

"அண்ணன் என்ன சொல்றார், சிஸ்டர்?" என்று நெகிழ்ந்து போய்க் கேட்டார் விரேந்திரா.

"உங்க துணிமணியப் பத்தித்தான் பேசறார். உங்களப் பாத்தது ரொம்ப சந்தோஷமாம்."

கதவருகே நின்ற சுக்ராஜி, முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு பலமாக இருமினாள்.

"போதும், இவன வெளிய அனுப்பு" என்றார் பொன்சாமி.

சபூரா பையைத் திறந்து ரப்பர் குழாயை எடுத்தாள். "எனிமா கொடுக்கிற நேரம் ஆச்சு. நீங்க இருந்து கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா?"

விரேந்திரா தொப்பியை மறந்து போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அடுத்து, பொன்சாமிக்குச் சுக்கி பிடிக்க ஆசை வந்தது. நாட்டுப் புகையிலையைத் தாளில் சுருட்டி ஒரே ஒரு இழுப்பு. "மெஷின் டிராயர்ல நூல்கண்டுக்கு அடியில ஒளிச்சி வச்சிருக்கேன். நாளைக்கி இவ கோயிலுக்குப் போனதும் பத்த வச்சிக் குடு." சபூரா யோசித்தாள். இந்த மனிதருக்கு இனிமேல் புகையிலை என்ன கெடுதல் செய்துவிடப்போகிறது? சரி என்றாள். மறுநாள் டிராயரைத் திறந்தால், நூல்கண்டுக்கு அடியில் சுக்கி இருந்த இடத்தில் நாலு ஏலக்காய் இருந்தது.

"எலி" என்றார் பொன்சாமி.

"ஏலக்காய் கொண்டாந்து வைக்கிற எலியா, மாமா?"

அதற்கு அடுத்த வாரம் கருவாட்டுக் குழம்பு கேட்டார். "இவ வூட்ல கருவாடு சமைக்க மாட்டா, வாடையே ஆவாது. நீ உன் வூட்டுலேர்ந்து கொஞ்சூண்டு டப்பாவுல எடுத்தா. நாக்குல தடவினா போதும்." சபூரா மறுநாள் டப்பாவோடு வந்தாள். தெருமுனையிலேயே வாடை அடித்தது, ஆனால் அவள் பையிலிருந்து அல்ல. பின்கட்டுச் சமையல் கொட்டகையில் சுக்ராஜி மூக்கைச் சுற்றி முக்காட்டைக் கட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வழியக் கருவாட்டுக் குழம்பு கிண்டிக்கொண்டிருந்தாள்.

"திடீர்னு சமைக்கணும்னு தோணிச்சு" என்றாள்.

பொன்சாமி விரலால் தொட்டு நக்கிக் கண்ணை மூடிக்கொண்டார். "பாத்தியா? சொல்லாமயே தெரியுது இவளுக்கு. கட்டினவ மனசு அப்பிடி."

சபூராவுக்கு நம்பிக்கை வரவில்லை. டப்பாவைக் கழுவும் சாக்கில் கொட்டகைக்குப் போனாள். சுக்ராஜி முதுகைக் காட்டி உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சபூரா தனக்குத் தானே பேசிக்கொள்வது போல் தமிழில் சொன்னாள்: "ஐயோ, மௌசி காலாண்ட எவ்ளோ பெரிய பூரான்!"

முறம் ஒரு பக்கம் பறந்தது, அரிசி ஒரு பக்கம் பறந்தது. சுக்ராஜி பெஞ்சின் மேல் நின்றாள்.

பூரானைக் காணோம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவர்கிட்டச் சொல்லிடாதே" என்றாள் சுக்ராஜி மெதுவாக, இந்தியில்.

"இது மூணாவது, மௌசி. என்னால எத்தனை ரகசியம் சுமக்க முடியும்?"

சுக்ராஜி இறங்கி அரிசியைக் கூட்டிக்கொண்டே சொன்னாள். கல்யாணமான முதல் வருஷத்திலேயே அவளுக்குப் புரிய ஆரம்பித்துவிட்டதாம். புரியாத மாதிரி நின்றால் மாமியார் எல்லாவற்றையும் அவள் எதிரிலேயே பேசினாள். இன்றைக்கு எதில் குற்றம் கண்டுபிடிக்கப்போகிறாள் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். புருஷனும் சேக்காளிகளும் பேசியதெல்லாம் காதில் விழுந்தது. பிறகு எப்போது சொல்வது? சொல்வதற்கு ஒரு நல்ல நாளே வாய்க்கவில்லை.

"அப்படின்னா, நான் வந்த முதல் நாள் அவர் சொன்னது..."

"கேட்டேன். ஒடஞ்சிருவேன்னார்." சுக்ராஜி ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். "எனக்காக நடிக்கிறார். நடிக்கட்டுமே."

அந்த ரகசியம் அதிக நாள் தங்கவில்லை. ஒரு மத்தியானம் பொன்சாமிக்கு வலி சற்று விட்டிருந்தது. தன் காலத்துக்குப் பிறகு என்னென்ன செய்யவேண்டும் என்று சபூராவிடம் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். சுக்ராஜி மகனிடம் போய் இருக்கவேண்டாம், இந்த வீட்டிலேயே இருக்கட்டும். மெஷினை விரேந்திராவுக்கு விற்கக் கூடாது. வெள்ளைச் சேலை கட்டக் கூடாது, அவள் நிறத்துக்குப் பச்சைதான் எடுப்பு. சொல்லிவிட்டுக் கண் கலங்கினார். அழுகையை மறைக்க நினைத்தாரோ என்னவோ, ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"எல்லாஞ் செரி. இத்தினி வருஷத்துல இவளுக்கு ஒரு கொழம்புல உப்பு போடத் தெரியல. கருவாட்டுலயே உப்பு இருக்கு, அதுவும் சப்புன்னு இருந்திச்சி."

பின்கட்டில் ஏதோ பாத்திரம் டமாரென்று விழுந்தது. பிறகு ஒரு குரல் எழுந்தது, உரத்த, கட்டையான தமிழ்க்குரல்.

"அடி மூதேவி! மூணு வேளையும் கொட்டிக்கினு உப்பு இல்லன்றியாடி? வெளங்காதவளே! எந்த நேரத்துல இந்த வூட்டுல கால வச்சியோ!"

பொன்சாமியின் முகம் வெளிறியது. சபூராவின் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

"அம்மா" என்றார். "எங்கம்மா வந்துட்டாங்க. என்னக் கூட்டிக்கினு போக வந்துட்டாங்க. பாரு, செத்தும் புத்தி மாறல, இப்பவும் மருமவளத்தான் திட்றாங்க!"

சுக்ராஜி கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள். "இன்னாடி பாக்கற? திருட்டு முண்டம்! ஒடஞ்சிருவேனா நான்? ஒடஞ்சா போயிட்டேன்? சொல்லுடி!"

பொன்சாமி சபூராவின் மணிக்கட்டை விட்டுவிட்டு மனைவியின் பக்கம் தலையைத் திருப்பினார். மெல்ல மெல்ல அவருக்கு விளங்கியது. அவளுடைய தமிழ் முழுவதும் அம்மாவிடமிருந்து வாங்கியது. அம்மா அவளைத் தவிர வேறு யாரையும் அந்த வீட்டில் திட்டியதில்லை. ஆகவே சுக்ராஜிக்குத் தெரிந்த தமிழில் எல்லோரும் 'அடி'தான்.

"என்னிய 'அடி'ன்றா, சபூரா!"

"ஆமா, மாமா."

"எல்லாம் புரியுமா உனக்கு?" என்று மனைவியைக் கேட்டார். "உங்கக்கா மூக்கப் பத்தி நான் சேக்காளி கோவிந்தசாமிகிட்டச் சொன்னது?"

"தெரியும்."

"கடையில வேலைன்னு சொல்லிட்டு சேக்காளிங்களோட நங்கோனா வேர்த்தண்ணி போட்டு மயங்கக் குடிக்கப் போனது?"

"எல்லா வாரமும் தெரியும்."

பொன்சாமி சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சபூரா ஓடிப்போய் வலி மருந்தை எடுக்கவேண்டியதாயிற்று. மருந்து தொண்டையில் இறங்கிய பிறகும் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. எப்போது அது அழுகையாக மாறியது என்று சபூராவுக்குத் தெரியவில்லை. சுக்ராஜி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். வாயு என்ற பேச்சு அதன் பிறகு அந்த வீட்டில் எழவில்லை.

அவர்கள் தமிழிலேயே பேசிக்கொண்டார்கள். "நல்லதா ஒரு வார்த்த சொல்லேன்" என்று பொன்சாமி கெஞ்சுவார். சுக்ராஜி யோசித்துப் பார்த்துக் கையை விரிப்பாள். நல்ல வார்த்தை ஒன்றும் அவள் காதில் அந்த நாளில் விழவில்லை. சபூரா ஒன்றிரண்டு சொல்லிக்கொடுக்கப் பார்த்தாள். பொன்சாமி வேண்டாம் என்று தடுத்துவிட்டார். "நீ கெடுத்துடாத. அவ திட்டட்டும். எனக்கு அதான் ஒத்துக்குது."

மழைக்காலம் முடியும் சமயம், ஒரு காலையில் சபூரா வந்தபோது வாசலிலேயே குரல் கேட்டது. "வாயத் தொறடி. ஒரு வாய் குடிடி. தொறடின்னா." அதட்டலாக ஆரம்பித்த குரல் போகப்போக இறங்கிக்கொண்டே போயிற்று. உள்ளே சுக்ராஜி கஞ்சி ஸ்பூனைப் பிடித்தபடி இருந்தாள். பொன்சாமியின் தலை அவள் தோளில் சாய்ந்திருந்தது. சபூரா நாடியைப் பார்த்தாள். பிறகு ஸ்பூனை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தாள்.

வேலைக்குப் போகும் வழியில் அப்பாவைப் பார்க்க வந்த சதேந்திரா உள்ளே ஓடிவந்தான். "அம்மா அவர்கிட்ட என்ன சொல்லிக்கிட்டிருந்தாங்க, சிஸ்டர்?"

"கஞ்சி குடிக்கச் சொல்லிக்கிட்டிருந்தாங்க" என்றாள் சபூரா. அவள் மொழிபெயர்த்ததில் அது ஒன்று சரியாகவே இருந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, கிளினிக்குக்குச் சொந்தமான ரப்பர் விரிப்பையும் பேசினையும் வாங்கிப்போகச் சபூரா வந்தாள். சுக்ராஜி இரண்டையும் கழுவி வெயிலில் காயவைத்திருந்தாள். பச்சைச் சேலை கட்டியிருந்தாள். டீ கொடுத்தாள். ரேடியோவில் இந்திப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"இங்கேருந்து எங்கே போறே?"

"பஸ்ல ரெண்டு ஸ்டாப் தள்ளி ஒரு அம்மா படுத்திருக்காங்க, மௌசி. தெலுங்குக்காரங்க. மருமகளுக்கு ரெண்டும் கைக்குழந்தை. கூடமாட ஒத்தாசைக்கு ஆள் இல்ல."

சுக்ராஜி ரேடியோவை அணைத்தாள். ஜன்னல்களைச் சாத்தினாள்.

"தெலுங்கு எனக்கு ஒரு சொல்லும் வராது" என்றாள். "ஆனா வெந்நீர் வைப்பேன், புரட்டிப் படுக்க வைப்பேன். பஸ் எத்தனை மணிக்கு?"

"இப்போ வந்துடும்."

குடையை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். சபூரா விரிப்பைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னால் போனாள்.