மூச்சோடு வீட்டுக்கு

குயென் ஆக்சிஜன் மிஷினை முன் இருக்கையில் தூக்கி வைத்து, அதற்கு சீட் பெல்ட்டையும் மாட்டினாள்.

“மிஷினுக்கு எதுக்குடி பெல்ட்டு?” என்றாள் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா.

“போடலைன்னா வண்டி வழியெல்லாம் கத்திக்கிட்டே வரும்மா. அதுக்கு ஆள் எது, மிஷின் எதுன்னு தெரியாது.”

பிளக்கைக் காரில் சொருகியதும் மிஷின் ஒருமுறை செருமிவிட்டு, புஸ்... புஸ்... என்று ஊத ஆரம்பித்தது. அதன் குழாய் இருக்கைகளுக்கு நடுவே போய், அம்மாவின் மடியில் தலை வைத்துக் கிடந்த அப்பாவின் முகமூடியில் முடிந்தது. அப்பா லான் கண்ணைத் திறக்கவில்லை. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது, அதுவும் யோசித்து யோசித்து.

சாயங்காலம் வரைக்கும் தாங்கலாம், வீட்டுக்குக் கொண்டுபோவதென்றால் இப்போதே கிளம்புங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தெத் புத்தாண்டு நெருங்கிவிட்டதால் சைகோனில் இருந்த ஆம்புலன்ஸ் எல்லாம் ஏற்கெனவே யார் யாரையோ ஊருக்கு ஏற்றிக்கொண்டு போயிருந்தன. திரும்பி வர ராத்திரி ஆகும் என்றார்கள். குயென் கையெழுத்தைப் போட்டுவிட்டு, “என் கார்லயே போறேன்” என்றாள். நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பார்க்கட்டும்.

காரின் திரையில் பேட்டரி அறுபத்தொன்று சதவீதம் காட்டியது. ஊருக்கு இருநூறு கிலோமீட்டர். இது பத்தாது என்று தெரிய அவளுக்குக் கணக்கு வாத்தியார் தேவையில்லை. ஆஸ்பத்திரியின் கீழ்த்தள வண்டி நிறுத்தத்தில் சார்ஜ் போட விடவில்லை. “தீப்பிடிச்சா யார் பொறுப்பு?” என்று கேட்டான் காவலாளி. “நான்தான் பொறுப்பு” என்றாள். “நீயே எரிஞ்சு போயிட்டா?” என்றான். அப்பாவிடம் அதற்கும் ஒரு பதில் இருந்திருக்கும். ஆயுசு பூராவும் ஊரில், புங் ஹியெப் ஆற்றுச் சந்தியில் படகுகளுக்கு டீசல் விற்றவர் அவர். அவள் இந்தக் காரை வாங்கிக்கொண்டு போனபோது மூன்று சுற்றுச் சுற்றிவந்து, “இது வண்டி இல்ல, சக்கரம் வச்ச செல்போன். எந்த வீட்டுக்குப் போனாலும் முதல்ல சார்ஜர் இருக்கான்னு கேக்கும்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை இதில் ஏறியதில்லை.

நெடுஞ்சாலையில் ஏறியதும் வண்டிகள் நகராமல் நின்றன. நகரமே ஊருக்குக் கிளம்பியிருந்தது. நெரிசலைக் கண்டு குயென் பயப்படவில்லை. ஊர்ந்து போனால் மின்சார வண்டிக்குச் செலவு குறைவுதான். ஏசியும் மிஷினும் ஓடுகிற செலவு மட்டும் நிற்காது. நேரமும் நிற்காது.

“கொஞ்சம் வேகமா போயேன்” என்றாள் அம்மா.

“முன்னாடி இருக்கிறவன் தலை மேலயாம்மா போக முடியும்?”

“உங்க பெரியப்பா ரெண்டு வாட்டி போன் பண்ணிட்டாரு. எங்க வர்றீங்கன்னு கேக்கலை. மூச்சு இருக்கான்னுதான் கேட்டாரு.”

குயெனுக்கு ஊர் வழக்கம் தெரியும். வெளியில் உயிர் போனவரை வீட்டுக்குள் கொண்டுபோவதில்லை. முற்றத்தோடு சரி. சைகோனில் யாரும் இப்போது இதையெல்லாம் பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அப்பாவின் வீடு இருப்பது ஊரில், வாய்க்கால் கரையில், பெரியப்பா இருப்பதும் அங்கேதான்.

“அவரு பேச்சை மாத்த மாட்டாருடி” என்று அம்மாவே தொடர்ந்தாள். “ஹுவாய் லாரியில அடிபட்டு வழியிலேயே போயிட்டப்ப நீ சின்னப் பொண்ணு. அவரோட சொந்தப் பிள்ளை. வாய்க்கால் ஓரமா நாலு மூங்கிலை நட்டு, அங்கதான் வச்சாரு. ரெண்டு நாள் விடாத மழை. பெரியம்மா காலைப் பிடிச்சுக் கெஞ்சினா. உள்ள விடலை. அவனுக்கே இல்லைங்கிறப்ப, தம்பிக்கு மட்டும் விடுவாரா?”

“விட வேண்டாம். நாம மூச்சோட கொண்டு போவோம்.”

அதைச் சொன்ன வேகத்தில் அவளுக்கே கொஞ்சம் தெம்பு வந்தது. ஏசியை ஒரு படி குறைத்தாள்.

மி துவான் பாலம் தாண்டியபோது திரை ஒன்பது சதவீதத்துக்கு வந்துவிட்டது. வழிப்போக்கர்கள் படுத்துக்கொள்ள வலை ஊஞ்சல் தொங்கும் காப்பிக்கடை ஒன்றின் வாசலில் இரண்டு சார்ஜர்கள் இருந்தன. ஒன்றின் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, வேலை செய்யாது என்று எழுதியிருந்தார்கள். இன்னொன்றில் ஒரு வெள்ளைக் கார் மாட்டியிருந்தது. அதற்குப் பின்னால் மூன்று கார்கள், அவற்றின் சொந்தக்காரர்கள், ஆளுக்கொரு கரும்புச்சாறு.

“யாரோட வண்டி அது?” என்று கேட்டாள் குயென்.

“தெரியலம்மா. அரை மணி நேரமா நாங்களும் பாக்குறோம்” என்றாள் வரிசையில் நின்ற தலை நரைத்த அம்மாள்.

பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள்! குயெனுக்கு வந்த கோபத்தில் கால் தரையில் பாவவில்லை. கடைக்குள் நுழைந்தாள். கூரைக்கடியில் வரிசையாக ஊஞ்சல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குறட்டை. முதல் ஊஞ்சலை உலுக்கினாள். “வெள்ளைக் கார் உங்களோடதா?” இல்லை. இரண்டாவதை உலுக்கினாள். அதிலிருந்த கிழவர் சாமியைக் கூப்பிட்டார். ஆறாவதில், கழுத்துச் சங்கிலி நெஞ்சில் புரள ஒரு பருத்த மனிதர், முகத்தைத் தொப்பியால் மூடியிருந்தார்.

“என்னோடதுதான். என்ன இப்போ? தொண்ணூத்தாறுதான் ஆகியிருக்கு. நூறு ஆகட்டும்.”

“அந்த நாலு பெர்சன்ட்டை வச்சு மாளிகையா கட்டப் போறீங்க? எழுந்திரிங்க.”

“நீ யாரும்மா? வரிசையில கடைசி ஆளு. மத்தவங்க பேசாம இருக்காங்க, உனக்கென்ன அவசரம்?”

அவள் வாயைத் திறந்தாள். புத்தாண்டு வாசலில், அத்தனை பேர் நடுவில், சாவு என்ற சொல்லைச் சொல்லக் கூடாது. கார் கதவும் திறந்திருந்தது, அப்பாவின் காதில் விழும். அதற்குள் நரைத்த அம்மாள் காரை எட்டிப் பார்த்துவிட்டாள். திரும்பி வந்து குயெனின் முழங்கையைத் தொட்டாள்.

“வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறியா?”

“ஆமாங்க.”

அவ்வளவுதான் பேச்சு. சங்கிலிக்காரர் ஊஞ்சலிலிருந்து இறங்கினார். செருப்பைத் தேடாமல் வெறுங்காலோடு வெயிலில் ஓடி, தன் காரின் பிளக்கைப் பிடுங்கி வண்டியை நகர்த்தினார். வரிசையில் நின்ற மூன்று வண்டிகளும் ஒதுங்கி வழி விட்டன. குயெனின் காரில் பிளக்கைச் சொருகியதும் அவரேதான். சொருகிவிட்டு, “அறுபது ஏத்திக்கோம்மா, தாராளமா போகலாம்” என்றார் தாழ்ந்த குரலில்.

திரையில் எண் ஏறத் தொடங்கியது. அம்மாவுக்கு ஐஸ் தண்ணீர் வாங்கி வந்தாள் குயென். அப்பாவின் காலில் மாட்டியிருந்த ஆஸ்பத்திரிக் காலுறை ஒன்று கழன்று தொங்கியது. அதை ஏற்றிவிடக் குனிந்தவள், கணுக்காலைப் பிடித்த கையை எடுக்கவில்லை. அங்கே துடிப்பு இல்லை. நெஞ்சைப் பார்த்தாள். மிஷின் புஸ்... புஸ்... என்றது. நெஞ்சு அதோடு சேரவில்லை.

அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். இன்னும் எழுபத்தைந்து கிலோமீட்டர். அதைக்கூடப் பொறுக்க முடியாதா உங்களுக்கு?

நிமிர்ந்தாள். அம்மா ஜன்னல் வழியாக எங்கோ பார்த்தபடி, எக்ஸ்ரே உறையால் அப்பாவுக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

“எவ்வளவு ஏறியிருக்கு?” என்றாள் அம்மா.

“நாப்பது.”

“போதுமா?”

“போதும்.”

“அப்ப கிளம்பு. அவரு தூங்குறாரு.”

குயென் பிளக்கைக் கழற்றினாள். “அதுக்குள்ளயா?” என்றார் சங்கிலிக்காரர். நரைத்த அம்மாள் மட்டும் தன் ஓலைத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

திரை எண்பத்திரண்டு கிலோமீட்டர் போகும் என்றது. அது சொல்வதை அப்படியே நம்புகிறவள் இல்லை குயென். எதிர்க்காற்று, பாலத்து ஏற்றம், வெயில் எல்லாம் அதில் கை வைக்கும். ஏசியை அணைத்துக் கண்ணாடிகளைப் பாதி இறக்கினாள். பாதை நெடுக வண்டிகள் ஊருக்குப் பறந்துகொண்டிருந்தன. சாமந்தித் தொட்டிகளை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி, பூ உதிர்ந்துவிடக் கூடாதென்று மெதுவாகப் போனது. அதன் பின்னால் ஒட்டிக்கொண்டாள். லாரி காற்றைக் கிழித்துக்கொண்டு போக, இவளுக்குச் செலவு குறைந்தது. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனார்கள்.

அம்மா விசிறுவதை நிறுத்தவில்லை. “வேர்க்குது இவருக்கு” என்றாள்.

“ம்.”

கான் தோ பாலத்தில் ஏறியபோது எண் மளமளவென்று விழுந்தது. இறக்கத்தில் கொஞ்சம் திரும்பிவந்தது. பாலத்துக்கு அப்பால், இடது கைப் பக்கம் ஒரு சார்ஜிங் நிலையம். ஐந்து சார்ஜர்களும் பச்சை விளக்கோடு காலியாக நின்றன. சும்மா கிடக்கும்போது இப்படி வரிசை கட்டி நிற்கும், வேண்டும்போது பை கவிழ்த்துக்கொள்ளும். திரை இன்னும் முப்பத்திரண்டு கிலோமீட்டர் என்றது. வீட்டுக்கு முப்பது.

அங்கே நின்றால் வண்டி பிழைக்கும். அப்பாவின் உடம்பு காத்திருக்காது. விரல் மடங்காமல் போய்விட்டால் வாய்க்கால் கரையில் யாரை ஏமாற்ற முடியும்? நிற்காமல் போய் வழியில் படுத்துவிட்டால், நடுரோட்டில் பிணத்தோடு நிற்க வேண்டும். அதைவிடக் கேவலம் கிடையாது. அவள் கை மிஷினின் சுவிட்சுக்குப் போனது. அணைத்தால் ஒன்றிரண்டு கிலோமீட்டராவது மிஞ்சும். யாருக்காக ஓடுகிறது இது?

கண்ணாடியில் அம்மாவின் கண் அவளைப் பார்த்தது.

“அதை அணைக்காதே” என்றாள் அம்மா.

“அணைக்கலைம்மா.”

“வேற எதை வேணா அணை.”

குயென் பாட்டுப்பெட்டியை அணைத்தாள், திரையின் வெளிச்சத்தைக் குறைத்தாள். அப்போதுதான் தெரிந்தது, அம்மாவுக்கு எப்போதோ தெரியும். ஒருவேளை இவளுக்கு முன்பே. இரண்டு பேரும் அதைப் பேசவில்லை. பேசிவிட்டால் அப்பா வழியில் போனவர் ஆகிவிடுவார். சார்ஜிங் நிலையம் பின்னால் போயிற்று.

புங் ஹியெப் சந்தையில் பூ லாரி நின்றுவிட்டது. வாய்க்கால் சாலையில் திரும்பியபோது திரையில் எண் போய்க் கோடு வந்தது. பிறகு மஞ்சள் நிறத்தில் ஒரு ஆமைப் படம் வந்து உட்கார்ந்தது. எவ்வளவு மிதித்தாலும் கார் நடைவேகத்தில்தான் போனது. சைக்கிளில் வந்த இரண்டு பெண்பிள்ளைகள் அவளைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். குயென் ஸ்டியரிங்கை நெஞ்சோடு இழுத்துப் பிடித்துக்கொண்டு, “வா, வா, வந்துடு” என்று காரிடம் கெஞ்சினாள். வந்தது. முற்றத்துக்குள் மூக்கை நுழைத்துவிட்டுத்தான் நின்றது.

முற்றம் நிறைய ஆட்கள். வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது, உள்ளே பூஜை மாடத்துக்கு முன் மரப்பலகை துடைத்துப் போட்டிருந்தது. வாய்க்கால் ஓரத்திலும், ஹுவாய்க்குச் செய்ததுபோல, நான்கு மூங்கில் நட்டு நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. பெரியப்பா இரண்டுக்கும் தயாராக இருந்தார்.

அவரே வந்து பின்கதவைத் திறந்தார். மிஷின் மட்டும் ஊதியது. அம்மா விசிறியபடியே அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் குனிந்து, காலுறைக்குள் கையை விட்டுத் தம்பியின் பாதத்தைப் பிடித்தார். சின்ன வயதில் அந்தக் காலைப் பிடித்து ஆற்றில் நீந்தப் பழக்கியவர். கை அங்கேயே இருந்தது. அந்தக் கணம் முடியவே முடியாதோ என்று குயெனுக்குத் தோன்றியது.

“மூச்சு இருக்கா?” என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

பெரியப்பா பாதத்தை விடவில்லை.

“அண்ணா” என்றாள் அம்மா.

“இருக்கு” என்றார் பெரியப்பா. கேட்டவர் பக்கம் திரும்பி, தேவைக்கு மேல் சத்தமாக, “மூச்சு இருக்கு. வழியை விடுங்க!” என்றார்.

மிஷினிலிருந்து குழாயை அவரே கழற்றினார். முகமூடியை எடுக்கவில்லை. குழாயின் வெறும் முனையை யாருக்கும் தெரியாமல் தன் சட்டைக்குள் செருகிக்கொண்டு, தம்பியின் தலையைத் தாங்கிப் பிடித்து, பின்புறமாக நடந்து வாசற்படி ஏறினார். “பார்த்து, பார்த்து, அவனுக்கு வலிக்கும்” என்று மற்றவர்களை அதட்டிக்கொண்டே போனார். பலகையில் கிடத்திய பிறகு முகமூடியை எடுத்தார். நாடி பார்ப்பவர் போலச் சற்று நேரம் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

“போயிட்டான்” என்றார். “தன் வீட்லயே போயிட்டான்.”

அம்மா அதுவரை அடக்கியதெல்லாம் அப்போதுதான் வெடித்தது. பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். பெரியம்மா மட்டும் எழுந்து வரவில்லை. சுவரோரமாக உட்கார்ந்தபடி, கணவரின் சட்டைக்குள்ளிருந்து நழுவித் தொங்கிய குழாய் முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குயென் அழுது முடித்து, மிஷினை நிறுத்தலாம் என்று வெளியே வந்தாள். காரில் சத்தம் இல்லை, தானாகவே நின்றிருந்தது. முற்றத்தில் வெயில் சாய்ந்திருந்தது. வாய்க்கால் ஓரத்தில் பெரியப்பா தனியாகத் தார்ப்பாயை அவிழ்த்து மடித்தார். பிறகு மூங்கில்களை ஒவ்வொன்றாக ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார்.

“நான் பிடிக்கிறேன் பெரியப்பா.”

“வேண்டாம். நீ உள்ள போ.”

அவள் போகவில்லை. பெரியப்பா மூன்று குழிகளைக் குதிகாலால் மிதித்து மூடினார். நான்காவதற்கு மண் பத்தவில்லை. அவர் கரையில் இறங்கி, முழங்காலளவு தண்ணீரில் நின்று, இரண்டு கையாலும் சேற்றை அள்ளிக்கொண்டு மேலே ஏறிவந்தார்.