சேதம் ஒண்ணுமில்லீங்க

இடிந்த வீட்டைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் தொழில். இன்சூரன்ஸ் சர்வேயர். மழையோ தீயோ யார் வீட்டைத் தின்றாலும், எவ்வளவு தின்றது என்று பார்த்துச் சொல்லக் கம்பெனி என்னை அனுப்பும். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். பிடுங்குகிறவர் பெரும்பாலும் வீட்டுக்காரரேதான் என்பது பத்து வருட அனுபவத்தில் நான் கண்டது. கூரையில் ஒரு விரிசல் விட்டால் போதும், வாங்கவே வாங்காத ஃப்ரிட்ஜ் மழையில் கெட்டுப்போய்விடும். ஒருவர் வெள்ளத்தில் நாசமான பட்டுச்சேலை என்று எடுத்துக் காட்டினார். கடையின் விலைச்சீட்டு மட்டும் ஈரமே படாமல் அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

என் வீட்டுக் கதை வேறு. பீளமேட்டில் எங்கள் மாடிக் குளியலறை எட்டு மாதமாகக் கீழே கூடத்துச் சுவரில் ஒழுகுகிறது. கொத்தனார் வேலுமணி மூன்று முறை வந்து, மூன்று முறை டைல்ஸைப் பெயர்த்து, மூன்று முறையும் "இனி ஒரு பொட்டுத் தண்ணி எறங்காதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். என் கணவர் ரவிதேஜா, சோபாவை ஜன்னல் பக்கம் நகர்த்தியதோடு தன் கடமை முடிந்தது என்று லேப்டாப்பைத் திறந்துகொண்டார். ஊரார் வீட்டு விரிசலை எல்லாம் மில்லிமீட்டரில் அளக்கும் எனக்கு என் வீட்டுச் சுவரைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். அந்த எரிச்சலோடுதான் அன்று காலை பெரியநாயக்கன்பாளையத்துக்கு வண்டியை எடுத்தேன்.

அங்கே திருமலைசாமி என்பவர் வீட்டின் மேல் கோடை மழையில் தென்னை மரம் விழுந்திருந்தது. லேத் பட்டறை வைத்திருப்பவர். வீட்டுக் கடன் கொடுத்த பேங்க் கூடவே ஒரு பாலிசியையும் அவர் தலையில் கட்டியிருந்தது. மரம் விழுந்த சேதி தெரிந்து இழப்பீடு கேட்டு எழுதி அனுப்பியதுகூட பேங்க் மேனேஜர்தான். முந்தின நாள் நான் போன் செய்து, "நாளைக்குப் பத்து மணிக்கு ஊட்டப் பாக்க வாரேனுங்க" என்று சொன்னேன். நான் செய்த தப்பு அதுதான்.

போய் நின்றால் பெயிண்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. முன்சுவர் ரோஜா நிறத்தில் ஈரமாக மின்னியது. வாசலில் பெரிய கோலம். உள்ளே தரையில் முகம் பார்க்கலாம். திருமலைசாமி சலவை வேட்டியில் நின்றார். அவர் மனைவி மாரியாத்தாள் காலையிலேயே சந்தகை பிழிந்து, தேங்காய்ப்பால் எடுத்து, எனக்கு இலையே போட்டுவிட்டார்.

"ஏனுங்க, மரம் உழுந்த ஊடு இதுதானுங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க அம்மணி. லேசா பட்டுதுங்க."

"எங்க பட்டுது?"

முன்பக்க ஜன்னல் சன்ஷேடைக் காட்டினார். அதில் ஒரு மூலை உடைந்து, பூசி, அதன்மேல் ரோஜா பெயிண்டும் அடித்தாகிவிட்டது.

"வேற?"

"வேற ஒண்ணும் சேதமில்லீங்க. சாமி புண்ணியத்துல."

"மரம் எங்கீங்க?"

"பக்கத்து ஊட்ல வெறகுக்குக் கேட்டாங்க. குடுத்துப்போட்டமுங்க."

"போட்டோ ஏதாச்சும்?"

மாரியாத்தாள் பதறிவிட்டார். "உழுந்த ஊட்டப் போயி ஆராச்சும் போட்டோ புடிப்பாங்களா கண்ணு? ஆகாதுங்க."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பத்து வருடமாகப் பொய்யை இறக்கி இறக்கியே பழகியவள் நான். இங்கே குறைத்துச் சொன்ன பொய்யைத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. விருந்தாளி வருகிறாள் என்றதும் இரண்டு பேரும் ராத்திரி பகலாக உட்கார்ந்து அத்தனை சாட்சியையும் கூட்டிப் பெருக்கிப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். நான் கண்ணால் பார்க்காத சேதத்தைக் காகிதத்தில் எழுத முடியாது. 'சேதம் எதுவும் காணப்படவில்லை' என்று எழுதினால் ஃபைலை மூடிவிடுவார்கள், ஒரு ஓட்டுத் துண்டுகூட இவர்களுக்கு வராது. அடுத்த மாதம் பருவமழை.

அப்போது போன் அடித்தது. வேலுமணி. "மேடம், இன்னிக்கு ஒரு ஆளு கொறையுதுங்க. நாளைக்கு வாரேனுங்க."

நான் வாசலுக்குப் போய் அவரைத் திட்டினேன். கொங்குத் தமிழில் திட்டுவது பெரிய சிரமம். எவ்வளவு சூடாக ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரு 'ங்க' வந்து ஒட்டிக்கொண்டு மரியாதையாக முடித்துவிடும். "எட்டு மாசமா நாளைக்கு நாளைக்குன்னு சொல்றீங்களே, வெக்கமா இல்லீங்களா" என்று கேட்டால் யாருக்குத்தான் உறைக்கும்? அவர் "ஆமாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

திரும்பி வந்தேன். மாரியாத்தாள் தண்ணீர்ச் சொம்போடு நின்றார். "உங்கூடும் ஒழுகுதுங்களா கண்ணு?"

"அதெல்லாம் இல்லீங்க, லேசாத்தான்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. கூடத்தில் பாதிச் சுவர் பாசி பிடித்துக் கிடக்கிறது, நான் இந்த அம்மாவிடம் லேசா என்கிறேன். எனக்கு வெட்கமாகப் போனது.

அதற்கப்புறம் நான் வீட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு இவர்களைப் பார்க்க ஆரம்பித்தேன். திருமலைசாமி கூடத்தின் கடைசியில் ஒரு கதவுக்கு முன்னால் அசையாமல் நின்றிருந்தார். நான் வந்ததிலிருந்து அங்கேதான் நிற்கிறார். கதவில் புதுப் பூட்டு.

"அது என்ன ரூமுங்க?"

"சாமான் ரூமுங்க. குப்பையாக் கெடக்குது. நீங்க இலையில உக்காருங்க அம்மணி, சந்தகை ஆறுது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேட்டிருக்கிறேன். இவர்கள் பூசணிக்காயைப் பூட்டி வைத்துவிட்டுச் சோறு போடுகிறார்கள். விருந்தாளி வரும்போது கண்ணில் படக் கூடாததை எல்லாம் ஒரு அறையில் தள்ளிப் பூட்டுவது எந்த வீட்டில்தான் இல்லை?

"அந்தக் கதவத் தொறங்க."

"வேண்டாமுங்க. வந்தவங்களுக்குக் காட்டற மாதிரி இல்லீங்க."

நான் இலையை மடித்தேன். மாரியாத்தாளின் முகம் செத்துப்போனது. இந்த ஊரில் ஒருவரை அறையலாம், பொறுத்துக்கொள்வார்கள். பரிமாறும் முன்னே இலையை மடித்தால் தாங்க மாட்டார்கள். எனக்கு அது தெரியும், தெரிந்தேதான் செய்தேன்.

"அந்தக் கதவத் தொறக்காம உங்கூட்ல ஒரு வாய்த் தண்ணிகூடக் குடிக்க மாட்டேனுங்க. இப்படியே போயி, சேதமில்லைன்னு எழுதிக் குடுத்துருவேன்."

மாரியாத்தாள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, கணவரைப் பார்க்காமலே போய்ப் பூட்டைத் திறந்தார்.

உள்ளே கூரையே இல்லை. மேலே நீலத் தார்ப்பாய், அதன் ஓட்டைகள் வழியாக வெயில். சிமென்ட் சீட்டுகள் நொறுங்கிக் குவிந்திருந்தன. உத்தரம் இரண்டாக முறிந்து, நடுவில் கிடந்த கட்டிலைத் தரையோடு அழுத்தியிருந்தது. பின்சுவர் ஒரு முழம் விலகி வெளியே சாய்ந்திருந்தது. மெத்தை ஊறிப் பூஞ்சை பிடித்திருந்தது. இதற்குப் பெயர்தான் லேசா.

"ஒரு நிமிசம் இருங்க, கூட்டிப்போட்டறேன்" என்று மாரியாத்தாள் துடைப்பத்தை எடுத்தார். நான் அதைப் பிடுங்கி வெளியே வைத்தேன். படம் எடுத்தேன், அளந்தேன், சுவரின் சாய்வைக் குறித்துக்கொண்டேன். பார்த்ததெல்லாம் பாலிசிக்குள் வருவதுதான், கூரையும் சுவரும் புதிதாகவே கட்டிக்கொள்ளலாம் என்று சொன்னேன். திருமலைசாமி தலையைக் குனிந்துகொண்டு, "உங்களுக்குத்தானுங்க செரமம்" என்றார்.

"மத்தியானம் எப்பவும் இந்தக் கட்டில்லதான் படுப்பேன் கண்ணு" என்றார் மாரியாத்தாள். "அன்னைக்கு மழை வருதுன்னு கொடித் துணிய எடுக்கப் போனேன்."

"அதான் ஒண்ணும் ஆகலியே" என்றார் திருமலைசாமி.

வீட்டுக்காரர் வாக்குமூலம் என்று ஒரு தாள் உண்டு. 'பின்னறையின் கூரையும் சுவரும் முற்றிலும் சேதமடைந்தன' என்று எழுதி அவரிடம் நீட்டினேன். அவர் மூன்று தடவை படித்தார்.

"அம்மணி, முற்றிலும்ங்கற எடத்துல கொஞ்சம்னு போட்டுக்கலாமுங்களா?"

"ஏனுங்க கொஞ்சம்?" மாரியாத்தாளின் குரல் உயரவில்லை. "அன்னைக்கிருந்து எனக்குத் தூக்கமில்லீங்க. கண்ண மூடினா உத்தரந்தான் உழுகுது. நீங்க வாரவங்க போறவங்ககிட்ட எல்லாம் ஒண்ணுமில்லீங்க ஒண்ணுமில்லீங்கன்னே சொல்லிட்டிருக்கறீங்க. எங்கிட்டயும் அதையேதான் சொல்றீங்க. ஊடு உழுந்துபோச்சுங்க. கையெழுத்தப் போடுங்க."

திருமலைசாமி பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பிறகு தாளைத் திருப்பித் தராமல், அதன் கீழே கோணல்மாணலாக ஏதோ எழுத ஆரம்பித்தார். மாரியாத்தாள் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் படித்தார். நானும் படித்தேன். 'பட்டறையிலிருந்து ஓடி வந்தேன். மனைவி உள்ளே இருப்பதாக நினைத்துச் சீட்டுகளைக் கையாலேயே பெயர்த்தேன். அரை மணி நேரம் பெயர்த்தேன். அவள் துணியோடு பக்கத்து வீட்டில் மழைக்கு ஒதுங்கியிருந்தது தெரியாது.'

"இத எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே" என்றார் மாரியாத்தாள்.

"சொன்னா நீ பயந்துக்குவே" என்றார் அவர்.

அந்தத் தாளில் இதற்கெல்லாம் இடம் கிடையாது, அடித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். நான் ஒரு எழுத்தையும் அடிக்காமல் அனுப்பினேன்.